மருந்து மேசைக்கு அந்தப் பக்கம்: பார்மசி கல்லூரித் தேர்வும் அதன் பின்னுள்ள வரலாறும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள காலனிகளுக்கு இரண்டு வகை ஏஜென்ட்டுகள் வருகிறார்கள். ஒருவர் நூற்பாலைக்குப் பெண்பிள்ளைகளை அழைத்துப்போக வருபவர். இன்னொருவர் கல்லூரி ஏஜென்ட். முன்னவரைப் பற்றி நாம் பல ஆண்டுகளாகப் பேசியும் எழுதியும் வருகிறோம். பின்னவரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. படிப்பைப் பற்றிப் பேசுகிறவர் என்பதால் நமக்கே அவர்மேல் ஒரு மரியாதை. "நர்சிங், பார்மசி, எது வேணும்னாலும் சொல்லுங்க. எஸ்.சி.ன்னா ஒரு பைசா கட்ட வேண்டாம். சர்டிஃபிகேட்ட மட்டும் குடுங்க, சீட்டு போட்டு வச்சிடுறோம்" என்பார். அசல் மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் அவர் பைக்குள் போய்விடும். அதன்பிறகு அந்தப் பிள்ளைக்குத் தேர்வு என்று எதுவும் மிச்சமில்லை.

ஜூன் மாதம் பிறந்தால் எங்களிடம் மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பார்மசிக்கு எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்?" ஆய்வகம், பேருந்து, கேம்பஸ் இண்டர்வியூ என்று நோட்டீஸில் இருப்பதை வைத்துத்தான் கேட்கிறார்கள். நாங்கள் திருப்பிக் கேட்பது: "காலேஜ் இருக்கட்டும், எந்த சீட்? கவுன்சிலிங் வழியாக வரும் அரசு ஒதுக்கீட்டு இடமா, நிர்வாக ஒதுக்கீட்டு இடமா?" இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பெரும்பாலும் தெரிவதில்லை. தெரியாததில் ஆச்சரியமும் இல்லை. அந்த வித்தியாசத்துக்குப் பின்னால் இருக்கும் எண்பது, நூறு ஆண்டு வரலாற்றை எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக்கொடுப்பதில்லை. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

மேசைக்கு இந்தப் பக்கம்

மருந்துக்கும் தீண்டாமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சட்டப்பிரிவைக் காட்டலாம். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம். 1976இல் திருத்தப்பட்டுக் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 5ஆம் பிரிவு, தீண்டாமையைக் காரணமாக வைத்து ஒருவரை மருத்துவமனைக்குள், மருந்தகத்துக்குள், கல்வி நிறுவனத்துக்குள், விடுதிக்குள் விட மறுப்பதைக் குற்றம் என்கிறது. அனுமதித்த பிறகு பாகுபாடு காட்டுவதும் குற்றம். மருந்தகம், கல்லூரி, விடுதி மூன்றும் ஒரே பிரிவில் அடுத்தடுத்து நிற்கின்றன. சட்டம் எழுதியவர்கள் கற்பனையில் எழுதவில்லை. நடந்ததைத்தான் எழுதினார்கள்.

அது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்தி 2006இல் நூலாக வந்த தீண்டாமை ஆய்வு, 33 சதவீதக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுப்பதாகச் சொன்னது. 2010இல் இந்திய தலித் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட சங்கமித்ரா ஆச்சார்யாவின் ஆய்வு இன்னும் நெருக்கமானது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் 200 தலித் குழந்தைகளிடம் கேட்டார்கள். அவர்களுக்கு மருந்து கொடுக்கப்பட்ட 1298 தடவைகளில் 1181 தடவை, அதாவது 91 சதவீதம், ஏதாவதொரு வகையில் பாகுபாடு இருந்தது. கை படாமல் மேலிருந்து போடுவதும் அதில் ஒன்று.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மருத்துவர் நோயாளியைத் தொடுவதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் கையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஆனால் ஏழைக்கு மருத்துவம் என்பது பெரும்பாலும் அந்தக் கைதான். காய்ச்சலுக்கும் சளிக்கும் நம் மக்கள் நேராக மருந்துக் கடைக்குத்தான் போகிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்பதில் ஒரு ஊரின் சாதி தெரியும்.

மருந்து நமக்கு அந்நியமான பொருள் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். அதுதான் அவருடைய பிழைப்பு. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியபோதும் அவர் மருத்துவர்தான். பேறுகாலம் பார்த்த நம் பாட்டிமார்களுக்கு எந்தச் சான்றிதழும் யாரும் கொடுக்கவில்லை. சவரத் தொழிலாளர் சமூகத்துக்கு 'மருத்துவர்' என்றே பெயர். அறிவு இந்தப் பக்கம் இருந்தது. அங்கீகாரம் அந்தப் பக்கம் போனது.

திண்டுக்கல்லில் அதற்கு இன்னும் கூர்மையான உதாரணம் உண்டு: தோல் பதனிடும் தொழில். கடுக்காயும் ஆவாரம் பட்டையும் தோல் பதனிடும் சரக்குகள். அதே கடுக்காயும் அதே ஆவாரையும் வைத்தியரின் சரக்குகளும்கூட. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நின்றவர்கள் பெரும்பாலும் தலித்துகள். எந்தச் சரக்கை எவ்வளவு நேரம் ஊறவைத்தால் என்ன ஆகும் என்று அவர்கள் கைக்குத் தெரியும். ஆனால் அந்த அறிவுக்கு வேதியியல் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. நாற்றம் என்று பெயர் வைத்தார்கள். பிறகு குரோமியம் வந்தது, கிணறுகள் கெட்டன. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் வரிசையில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் இருந்தது. ரசாயனத்தை வெறுங்கையால் தொட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பார்மசூட்டிகல் கெமிஸ்ட்ரி படிக்க விண்ணப்பம் போடுகிறார்கள்.

ஆங்கில மருந்து திண்டுக்கல்லுக்கு மிஷன் வழியாக வந்தது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த மருத்துவ மிஷனரி எட்வர்ட் செஸ்டர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே மருந்தகம் நடத்தினார். 1947இல் டாக்டர் சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கஸ்தூரிபா மருத்துவமனை அங்கிருந்து வளர்ந்தது. சித்த, ஆயுர்வேத மருந்துகள் தயாரிக்கும் லட்சுமி சேவா சங்கமும் அங்கேதான். இந்த நிறுவனங்கள் நம் மக்களுக்கு மருந்து கொடுத்தன என்பதில் மறுப்பில்லை. எங்கள் பகுதியில் கஸ்தூரிபாவில் பிறந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் சேவை என்ற சொல்லுக்குள் கொடுப்பவர், பெறுபவர் என்று இரண்டு இடங்கள் இருக்கின்றன. நமக்கு நெடுங்காலம் ஒரே இடம்தான் கிடைத்தது.

கதவு மூடிய நாள்

இந்தியாவில் பார்மசி ஒரு தனித் தொழில் என்று சட்டம் ஒப்புக்கொண்டதே தாமதமாகத்தான். 1930இல் ஆர்.என். சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. கலப்படமும் போலியும் மலிந்து கிடக்கின்றன, மருந்து கலந்து கொடுப்பவர்களுக்கு முறையான பயிற்சி இல்லை என்று அடுத்த ஆண்டு அது அறிக்கை தந்தது. 1940இல் மருந்துச் சட்டம், 1948இல் பார்மசிச் சட்டம், 1949இல் இந்திய பார்மசி கவுன்சில்.

1948 சட்டத்தின் 31ஆம் பிரிவை இன்று யாரும் படிப்பதில்லை. நாம் படிக்க வேண்டும். முதல் பதிவேட்டில் யார் யார் பெயர் ஏறலாம் என்று சொல்லும் பிரிவு அது. பட்டம், பட்டயம் உள்ளவர்கள் ஏறலாம். கம்பவுண்டர் தேர்வில் தேறியவர்கள் ஏறலாம். அது மட்டுமில்லை: எந்தப் படிப்பும் இல்லாமல், மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் மருந்து கலந்து கொடுத்தவர்களும் ஏறலாம். அந்தப் பதிவு முடிந்தபின் கதவு மூடப்பட்டது. அதற்குமேல் படித்து வந்தால்தான் உள்ளே இடம்.

நோயாளிகளின் பாதுகாப்புக்கு அந்தக் கதவு தேவைதான், நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் கதவு மூடுவதற்கு முன் உள்ளே போனவர்கள் யார்? ஐந்து ஆண்டு மருந்து மேசைக்குப் பின்னால் நிற்க யாருக்கு வாய்த்தது? கடை வைத்திருந்த சாதிகளின் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கு வேண்டப்பட்டவர்களுக்கும்தான். தண்ணீர்ப் பானையைத் தொடவிடாத ஊரில் மருந்துக் குப்பியைத் தொட விட்டிருப்பார்களா? மிஷன் மருத்துவமனையும் ராணுவமும் விதிவிலக்காகச் சிலரை உள்ளே விட்டிருக்கலாம். மற்றவர்கள் அனுபவத்தால் வரும் வழியில் நுழைய முடியவில்லை. படிப்பால் வரும் வழி மட்டுமே மிஞ்சியது. அதனால்தான் கல்லூரி இடம் என்பது மற்றவர்களுக்கு ஒரு வசதி, நமக்கு ஒரே வாசல்.

அந்தப் படிப்பு தொடங்கிய இடத்தையும் பார்ப்போம். நாட்டின் முதல் பார்மசி வகுப்பை 1932இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராஃப் தொடங்கினார். 1937இல் அது பி.பார்ம். பட்டப்படிப்பானது. பாடப்புத்தகங்களில் இந்த வரி இருக்கும். அதே வளாகத்தில் சில ஆண்டுகள் முன்பு ஜகஜீவன் ராம் மாணவராக இருந்தார் என்பது இருக்காது. விடுதியில் அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவ மறுத்தார்கள். முடி திருத்துபவர் அவருக்கு முடி வெட்ட மறுத்தார். இண்டர்மீடியட் முடித்துவிட்டு அவர் கல்கத்தாவுக்குப் போய்ப் பட்டம் பெற்றார். பின்னாளில் இந்த நாட்டின் துணைப் பிரதமரானவருக்கே இந்தக் கதி. 1955 சட்டத்தில் 'விடுதி' என்ற சொல் எதற்கு என்று இப்போது புரியும்.

இடம் வந்த வழி

சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை இருந்தது. தொழிற்கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. மருத்துவக் கல்லூரி இடத்துக்காக செண்பகம் துரைராஜன் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அரசாணையைச் செல்லாது என்றது. (அவர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. விண்ணப்பிக்காதவரின் வழக்கில் ஒரு மாகாணத்தின் பிள்ளைகள் அத்தனை பேரின் இடமும் போனது.) தெருவில் போராட்டம் வெடித்தது. இரண்டே மாதத்தில், ஜூன் 18 அன்று, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது.

2005இல் இன்னொரு அடி விழுந்தது. இனாம்தார் வழக்கில், அரசு உதவி பெறாத தனியார் தொழிற்கல்லூரிகளில் அரசு தன் இடஒதுக்கீட்டைத் திணிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பார்மசி இடங்களில் பெரும்பகுதி தனியாரிடம் இருக்கும் மாநிலத்தில் இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். நாடாளுமன்றம் 93ஆவது திருத்தத்தால் 15(5)ஐச் சேர்த்தது. தமிழ்நாடு 2006இல் தனியார் கல்வி நிறுவனங்களையும் உள்ளடக்கி இடஒதுக்கீட்டுச் சட்டம் போட்டது. தனியார் கல்லூரியிலும் அரசு ஒதுக்கீட்டு இடம் ஒன்று நமக்காக இருப்பது இந்தச் சண்டைகளின் விளைவு. கல்லூரி முதலாளி தாராள மனதோடு தந்ததில்லை.

தமிழ்நாட்டில் இன்று பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம். அருந்ததியர் உள்ஒதுக்கீடு 2009இல் சட்டமானது. 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு உள்ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லும்வரை பதினைந்து ஆண்டு அதன் தலைமேல் கத்தி தொங்கியது. அருந்ததியர் கணிசமாக வாழும் நம் மாவட்டத்தில் இன்னும் சில பிள்ளைகள் விண்ணப்பத்தில் வெறும் எஸ்.சி. என்று குறித்துவிட்டு வருகிறார்கள். இன்னொன்று: 18 என்பது உச்சவரம்பு இல்லை. நல்ல மதிப்பெண் உள்ள நம் பிள்ளைக்குப் பொதுப்பிரிவின் 31 சதவீதத்தில் இடம் கிடைத்தால், அது 18இல் கணக்காகக் கூடாது.

திண்டுக்கல்லின் தலித் கிறித்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் உள்ளே சேர்த்தார்கள், கிறித்தவரைச் சேர்க்கவில்லை. தேவாலயத்துக்குப் போகும் தெருவில் அவர் தலித், கல்லூரி விண்ணப்பத்தில் பிற்படுத்தப்பட்டவர். ஆனால் கல்வி உதவித்தொகையில் மாநில அரசு 'கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்' என்று தனியாக வைத்திருக்கிறது. இதை அறியாமல் கடன் வாங்கிக் கட்டிய குடும்பங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

பணம் வந்த வழி

1942 அக்டோபரில் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயிடம் பட்டியல் சாதியினரின் குறைகள் பற்றி ஒரு மனு கொடுத்தார். அதில் கல்விக்காக அவர் கேட்டதைக் கவனிக்க வேண்டும். பொதுவாகப் படிப்புக்கு உதவி என்று அவர் கேட்கவில்லை. அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளில் சேரும் நம் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய், வெளிநாட்டில் படிக்க 1 லட்சம் ரூபாய் என்று கேட்டார். கலைப் படிப்பைவிட விலை கூடிய படிப்பு அறிவியல். அங்கேதான் நம்மவர்கள் வாசலில் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். 1944இல் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. இன்று பார்மசி மாணவரின் கணக்குக்கு வரும் பணத்தின் வேர் அங்கே இருக்கிறது.

2012 செப்டம்பரில் தமிழ்நாட்டில் அரசாணை 92 வந்தது. சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் நம் பிள்ளைகளின் கட்டாயக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றது அது. இந்த ஆணைக்கு நம் இயக்கங்கள் எவ்வளவு அலைந்தன என்பது மூத்த தோழர்களுக்குத் தெரியும். ஆணை வந்த வேகத்தில் சந்தையும் விழித்துக்கொண்டது. தலித் மாணவர் என்றால் அரசு கட்டும் பணம் என்று கணக்குப் போட்ட ஏஜென்ட்டுகள் காலனிக்குள் வந்தார்கள். 'ஒரு பைசா கட்ட வேண்டாம்' என்ற வசனம் அப்போது பிறந்தது.

2017இல் நிலைமை மாறியது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இனி அந்தச் சலுகை இல்லை என்று ஆணை திருத்தப்பட்டது. மத்திய அரசின் நெறிமுறைகளும் நிர்வாக ஒதுக்கீட்டைக் கழித்துவிட்டன. ஏஜென்ட்டின் வசனம் மட்டும் மாறவில்லை. பிள்ளை சேர்ந்து, ஒரு பருவம் முடிந்து, பணம் வரவில்லை என்றதும் கல்லூரி அப்பாவைக் கூப்பிட்டுவிடும். எங்களிடம் வரும் வழக்குகளில் அதிகம் இந்த வகைதான்: தேர்வு நுழைவுச்சீட்டு தர மறுப்பு, அசல் சான்றிதழைத் திருப்பித் தர மறுப்பு. ஒரு கல்லூரியில் எங்களோடு வந்த அம்மாவை நிற்க வைத்தே பேசினார்கள். பெயரைச் சொல்லிப் பயனில்லை, அது ஒரு கல்லூரியின் பழக்கம் மட்டும் இல்லை.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இந்தத் திட்டத்துக்கு ஐந்தாண்டுக்கு 59,048 கோடி ரூபாய் என்று ஒப்புதல் தந்தது. அதில் 60 சதவீதம் மத்திய அரசு, மீதி மாநிலம். மத்திய அரசின் பங்கு இப்போது மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கணக்கு ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். சேரும்போதே கட்டணம் கேட்கக்கூடாது என்பதற்காக 'ஃப்ரீஷிப் கார்டு' என்ற ஏற்பாடும் 2021 நெறிமுறைகளில் உண்டு. கல்லூரி அலுவலகத்தில் இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதை வைத்தே கல்லூரியைப் பாதி எடைபோட்டுவிடலாம்.

கல்லூரி இருக்கிறது, அங்கீகாரம் இருக்கிறதா?

பார்மசிச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இரண்டு கட்டமாக அங்கீகாரம் பேசுகிறது. முதலில் பாடத்திட்டத்தை நடத்துவதற்கு, பிறகு தேர்வுக்கு. இரண்டாவதும் கிடைத்தால்தான் படித்து வெளியே வருபவர் மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு செய்ய முடியும். பதிவு இல்லாத பார்மசிஸ்ட் என்று ஒருவர் சட்டத்தில் இல்லை. முதல் அங்கீகாரத்தை மட்டும் வாங்கி, 'பி.சி.ஐ. அங்கீகாரம் பெற்றது' என்று பெரிய எழுத்தில் பலகை வைத்துவிடலாம். பலகை பொய் சொல்லவில்லை, பாதி சொல்கிறது. எந்தப் படிப்புக்கு, எத்தனை இடத்துக்கு, எந்தக் கல்வியாண்டு வரை என்று பி.சி.ஐ. பட்டியலில் பார்க்க வேண்டும்.

கல்லூரிகள் காளான்போல் முளைப்பதாகக் கவுன்சிலே கவலைப்பட்டது. 2020-21 கல்வியாண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குப் புதிய பட்டயம், பட்டப்படிப்புக் கல்லூரிகளுக்கு அனுமதி இல்லை என்று 2019இல் முடிவெடுத்தது; அரசு நிறுவனங்களுக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் விலக்கு. தனியார் நீதிமன்றம் போனார்கள். கல்வி நிறுவனம் தொடங்குவது அடிப்படை உரிமை, அதைச் சட்டத்தால்தான் கட்டுப்படுத்தலாம், நிர்வாகத் தீர்மானத்தால் முடியாது என்று 2022 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்ட நுணுக்கப்படி தீர்ப்பு சரியாக இருக்கலாம். கல்லூரி தொடங்குபவரின் உரிமை பேசப்பட்ட அந்த வழக்கில், ஆசிரியர் இல்லாத வகுப்பறையில் உட்காரப்போகும் முதல் தலைமுறை மாணவரின் உரிமை எங்கே என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

மோசமான கல்லூரி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2016 ஜனவரியில் பார்த்தோம். சின்னசேலம் அருகே ஒரு தனியார் யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியின் மாணவிகள் மூவர் கிணற்றில் பிணமாக மிதந்தார்கள். வசதியில்லை, ஆசிரியரில்லை, கட்டணக் கொள்ளை என்று அங்குள்ள மாணவர்கள் அதற்கு முன்பே ஆட்சியர் அலுவலகம்வரை போய்ப் போராடியிருந்தார்கள். அது பார்மசிக் கல்லூரி இல்லை. ஆனால் பல்கலைக்கழக இணைப்பு என்ற முத்திரை இருந்த கல்லூரி. முத்திரையை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். சேர்வதற்கு முன் அந்தக் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். ஆய்வகத்தில் யார் சொல்லித் தருகிறார், ஆய்வு நாளன்று மட்டும் தென்படும் ஆசிரியர்கள் எத்தனை பேர், விடுதியில் சாதி கேட்கிறார்களா என்று கேளுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து

2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. நல்லது. ஆனால் அரசுக் கல்லூரியில் பி.பார்ம். வேண்டும் என்றால் நம் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் மதுரை மருத்துவக் கல்லூரியைத்தான். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் உண்டு. இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம், மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு வழியாக. நீட் தேவையில்லை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும். தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் இதே கவுன்சிலிங்கில்தான் வரும்.

சிக்கல் காலத்தில் இருக்கிறது. கலைக் கல்லூரி ஜூனில் தொடங்கிவிடும். இந்தக் கவுன்சிலிங் பல ஆண்டுகளில் ஆகஸ்ட், செப்டம்பர் என்று இழுக்கும். அந்த இரண்டு மூன்று மாதம் வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் பயந்துபோகிறார்கள். பெண்பிள்ளை என்றால் ஒன்று கல்யாணப் பேச்சு வரும், இல்லை மில் வேன் வரும். இந்தப் பயத்தில்தான் நிர்வாக ஒதுக்கீடு விற்பனையாகிறது. காத்திருப்பது வசதியுள்ளவர்களுக்குச் சுலபம். அதனால் அந்த மாதங்களில் பெற்றோரோடு உட்கார்ந்து பேசுவது நம் வேலையில் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். கலைக் கல்லூரியில் ஒரு இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பதும் ஒரு வழி.

எல்லோரும் நான்கு ஆண்டு பி.பார்ம். படிக்க வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டு டி.பார்ம்., அதன்பின் 500 மணி நேர நடைமுறைப் பயிற்சி. அதிலேயே பார்மசிஸ்ட் பதிவு உண்டு. 2022இன் விதிகள் டி.பார்ம். முடித்தவர்களுக்கு வெளியேறும் தேர்வு ஒன்றையும் கொண்டுவந்தன. சேருமுன் அதன் நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். டி.பார்மிலிருந்து பி.பார்ம். இரண்டாம் ஆண்டுக்கு நேரடியாகப் போகவும் வழி இருக்கிறது. வீட்டில் உடனே சம்பளம் வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு இந்தப் பாதையைத்தான் நாங்கள் சொல்கிறோம். ஆறு ஆண்டு பார்ம்.டி. 2008இல் வந்தது, பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடலாம் என்று ஆசை காட்டி விற்கிறார்கள். ஆறு ஆண்டுக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படித்து முடித்தபின் ஒரு பொறி காத்திருக்கிறது. சான்றிதழை வாடகைக்கு விடுவது. மருந்துக் கடை உரிமத்துக்குப் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் ஒருவர் வேண்டும். கடைக்காரரிடம் முதல் இருக்கிறது, படிப்பு இல்லை. நம் பிள்ளையிடம் படிப்பு இருக்கிறது, முதல் இல்லை. மாதம் ஏதோ ஒரு தொகைக்குச் சான்றிதழ் கடைச் சுவரில் தொங்கும். பிள்ளை வேறெங்கோ வேலை பார்க்கும். தவறான மருந்து கொடுத்து வழக்கு வந்தால் பெயர் நம்முடையது. அம்பேத்கர் கேட்டு வாங்கிய உதவித்தொகையில் படித்து, 15(5)இல் இடம் பெற்று, கடைசியில் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பது நம் பெயர் எழுதிய சட்டம் போட்ட காகிதம் மட்டும்தான் என்றால் எப்படி?

2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு அரசு 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. பி.பார்ம்., டி.பார்ம். படித்தவர்கள் தொழில்முனைவோராக நடத்தலாம். 3 லட்சம் ரூபாய் மானியம். சொந்த முதல் இல்லாத பட்டதாரி கடைக்கு உரிமையாளராக ஒரு வழி இது. நம் மாவட்டத்தில் திறந்த முதல்வர் மருந்தகங்களில் பட்டியல் சாதி, பழங்குடிப் பட்டதாரிகள் பெயரில் உரிமம் இருப்பவை எத்தனை, அவற்றில் உரிமையாளரே மேசையில் நிற்பவை எத்தனை? தகவல் உரிமைச் சட்டத்தில் இந்த இரண்டு கேள்விகளையும் தயாரித்து வைத்திருக்கிறோம். நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நத்தம் வட்டங்களிலிருந்து ஒவ்வொரு தோழர் பெயர் கொடுத்தால் ஒரே நாளில் மனு அனுப்பிவிடலாம்.